பதினேழாம் கட்டை

இந்த நோட்டு உங்கள் கையில் சிக்கியிருந்தால் தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். மூட மனசு வரவில்லை என்றால் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே, அட்டைப்பெட்டிக்குள் என் ஏழாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் வேண்டாம். எங்கள் பட்டறையில் வேலை செய்யும் மந்திரம் மாமாவுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தாமிரா, ஒன்பதாம் வகுப்பு

ஜனவரி 18, சனி

எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். எல்லோரும் என்றால் அம்மா மட்டும்தான். அப்பா மஸ்கட்டில் இருக்கிறார்.

அடுத்த மாதம் எங்கள் ஊரில் கடைசல் கண்காட்சி. மரத்தை லேத்தில் சுற்றவிட்டு, உளி பிடித்துக் கடைந்து சாமான் செய்கிறவர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். மூன்று நாள். இவ்வளவு பெரிதாக எங்கள் பக்கத்தில் நடந்ததில்லை. கடைசல்காரர் சங்கத்துக்கு இந்த வருடம் அம்மாதான் செயலாளர். அதனாலேயே இரண்டு பேர் சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். "பகவதி நடத்துத லட்சணத்தைப் பாப்போம்" என்று அம்மா பெயரைச் சொல்லி டீக்கடையில் பேசினார்களாம். எதிலும் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள்.

கண்காட்சியில் முக்கியமானது போட்டி. இருபத்துநான்கு பேர், இருபத்துநான்கு லேத்து, எல்லோருக்கும் ஒரே அளவில் மஞ்சக்கடம்புக் கட்டை. ஜனங்கள் பார்க்க ஆளுக்கு ஒரு கூஜா கடைய வேண்டும். அவரவர் கட்டையை அவரவர் கொண்டுவந்தால் சண்டை வரும் என்பதால் சங்கமே கட்டை வாங்கிச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது வழக்கம். அந்தக் கட்டைகள் எங்கள் பட்டறையில்தான் காய்கின்றன.

பாதி காய்ந்த கட்டையில் நேர் வெயில் படக் கூடாது. இன்று கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காக மந்திரம் மாமா எல்லாவற்றையும் வெளியே சுவரோரம் அடுக்கினார். காலையில் அங்கே நிழல். மதியத்துக்கு மேல் வெயில் வந்துவிடும். அம்மா தீயணைப்பு நிலையத்துக்கு அனுமதி கேட்டுப் போனாள். மாமா மணல் மூட்டைக்குச் சொல்லப் போனார். "ஏட்டி, வெயில் திரும்புதப்போ ஈரச்சாக்கைப் போட்டு மூடிரு, என்ன? மறந்துராத" என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எனக்குத் தலைவலி. படுத்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். நாலு மணிக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் இருந்த ஒரு கட்டை வெடித்திருந்தது. நடுவிலிருந்து விளிம்புவரை. எவ்வளவு ஆழம் என்று பார்க்க நோட்டுத் தாளின் ஓரத்தை உள்ளே விட்டேன். தாள் போய்க்கொண்டே இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று முழுவதையும் எழுதவில்லை. அந்த வெடிப்பை நான் அடைத்துவிட்டேன்.

சொல்லத்தான் நினைத்தேன். அம்மா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தாள். "அரக்கும் மரத்தூளும் ஒரே இடத்துல கெடந்தா தீப்பிடிக்காதான்னு கேக்காங்க. எத்தனை வாளி மண்ணு, எத்தனை வாசல்னு எழுதித் தரணுமாம். திங்கக்கிழமை திரும்பப் போணும்" என்றாள். அப்புறம், "தூங்குனியாட்டி? கட்டையெல்லாம் பத்திரமா இருக்குல்லா?" என்றாள். "ம்" என்று இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு எழுத்துதான். அதற்கப்புறம் அடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியும். நாலு வயதிலிருந்து பார்க்கிறேன். சாமானுக்கு நிறம் ஏற்றும் மஞ்சள் அரக்குக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, உருகும்போது அதே மரத்தின் தூளைச் சேர்த்துப் பிசைந்து, வெடிப்புக்குள் கரண்டிக் காம்பால் அழுத்தினேன். ஆறியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே மெழுகு. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

மந்திரம் மாமா இன்று எல்லாக் கட்டைக்கும் இரண்டு முனையிலும் புதிதாக மெழுகு பூசி, இடம் மாற்றி அடுக்கி, பெயின்ட்டால் நம்பர் போட்டுவிட்டார். பள்ளியிலிருந்து வந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

கண்காட்சி நடக்கப்போகும் கல்யாண மண்டபத்துக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனாள். அளவு டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். மண்டப மேனேஜர் வழுவழுவென்றிருக்கும் தரையைக் காட்டி, "இந்தா பாருங்கம்மா, கிரானைட்டு. ஒரு ஓட்டை விழுந்தாலும் முதலாளி என்னைத் தொலைச்சுருவாரு" என்றார்.

"ஓட்டையெல்லாம் போடல அண்ணாச்சி. லேத்துக் காலுக்கு நாலு மணல் மூட்டை வச்சு நிறுத்துதோம்."

"மெஷினு ஆடாதா?"

"உங்க மண்டபத்துல வரவேற்புக்கு ஆடுத ஆட்டத்தை விடவா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். ஆனால் கண்காட்சிக்கு முதல் நாள், பதின்மூன்றாம் தேதி காலை முகூர்த்தம் இருக்கிறதாம். கல்யாண வீட்டுக்காரர்கள் மதியம் காலி செய்த பிறகுதான் சாவி. இருபத்துநான்கு லேத்தையும் ஒரே சாயங்காலத்தில் இறக்கி நிறுத்த வேண்டும். வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் சைவம், பாதிப் பேர் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள். இரண்டு இடத்தில் சமையல். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அம்மா இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டில் மரத்தூள். பள்ளி வாசலைத் தாண்டும்போது நான் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றிவிட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். அம்மா இல்லை. மாமா கேட்டில் இருந்தார்.

மந்திரம் மாமாவுக்கு இடது கண் கிடையாது. எங்கள் பட்டறையில் இல்லை, அவர் கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த வேறு இடத்தில் நடந்தது. சுற்றிக்கொண்டிருந்த கட்டை இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு முகத்தில் அடித்தது. உள்ளே வெடிப்பு இருந்ததாம். விற்றவன் அடைத்து விற்றிருக்கிறான். மாமா இதைச் சொல்லும்போது கோபமே படமாட்டார். "அவன் பேரு கூட எனக்குத் தெரியாது பிள்ளே. நல்லாத்தான் அடைச்சிருந்தான், பாவிப்பய" என்பார். நூறு தடவை கேட்டிருக்கிறேன். அரக்கை உருக்கிய அன்றைக்கும் அது எனக்குத் தெரியும். மறந்துபோய்ச் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

கட்டை வாங்கும்போது அம்மா விரலை மடக்கி மொட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பாள். நல்ல கட்டை கணீரென்று சொல்லும். உள்ளே வெடித்தது சொல்லாது. பொத்தென்று முழுங்கிவிடும். இந்தக் கட்டைகளை வாங்கும்போதே தட்டிப் பார்த்தாயிற்று, இனி யாரும் தட்டப்போவதில்லை.

நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். பதினேழு முழுங்கியது. திரும்பவும் தட்டினேன். திரும்பவும் முழுங்கியது.

"என்ன பிள்ளே பண்ணுத?" மாமா வாசலில் நின்றார்.

"சும்மா மாமா. தாளம்."

"அம்மைக்கு ஒத்தாசையா ஏதாவது பண்ணுவியா, அத விட்டுட்டுத் தாளம் போடுதா பாரு" என்று சிரித்துவிட்டு, எனக்கு டீ வாங்கி வரப் போனார்.

ஜனவரி 29, புதன்

பதினேழை எரித்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் சாக்கில் சுற்றிப் பின்பக்கம் வெந்நீர் அடுப்புவரை கொண்டுபோனேன். ரொம்பக் கனம். அதற்குள் கொட்டகையில் மாமா சத்தம். "அக்கா! அக்கா! கட்டை ஒண்ணு கொறையுது!" அவர் தினமும் பூட்டும் முன்னால் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியாது. மூன்று தடவை எண்ணினார். குரல் உடைந்துவிட்டது. "நான்தான் அக்கா சாவி வச்சிருக்கேன். வேற யாரும் உள்ள வரல. சத்தியமா எடுக்கல."

"நீ எடுத்தேன்னு இப்ப யாரு சொன்னா? மொதல்ல மூச்சு விடு" என்றாள் அம்மா.

நான் சாக்கோடு ஓடிப்போய், "உக்காந்து படிக்க எடுத்தேன். ஸ்டூல் இல்ல" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். மாமா கட்டையை வாங்கி, குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்து அடுக்கில் வைத்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே எழுதியிருக்க வேண்டும். தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் சொன்னார்: பதினான்காம் தேதி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடைசல் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறார்கள். பக்கத்தில் நின்ற ரிஃபானா என் கையைக் கிள்ளி, "ஏ, ஜாலிதான்! கணக்கு பீரியடு போச்சு!" என்றாள்.

ரிஃபானாதான் என் ஒரே நல்ல சிநேகிதி. அவள் வீட்டில் ஜவுளிக்கடை. எட்டாம் வகுப்பில் நான் இந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில், என் தலையில் இருந்த தூளைப் பார்த்து ஒருத்தி "மாவு மில்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "உங்க அம்மா என்ன வேலை?" என்று ரிஃபானா கேட்டாள். திருநெல்வேலியில் பாங்க்கில் இருக்கிறாள் என்று சொன்னேன். ஏன் பாங்க் என்று தெரியவில்லை. வாயில் வந்தது. அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு தடவை தலை சீவுகிறேன்.

முதல் பக்கத்தில் தூங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். நோட்டில்கூடப் பொய் எழுதுகிறேன்.

அன்றைக்கு ரிஃபானாவும் அவள் உம்மாவும் பக்கத்துத் தையல் கடைக்கு வந்தார்கள். நான் நனைத்த சாக்கைக் கையில் வைத்திருந்தேன். சுவருக்கு மேலே ரிஃபானாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாக்கைப் போட்டுவிட்டேன். கட்டைமேல் இல்லை. தரையில். கை கால் கழுவி, வேறு சுடிதார் மாற்றி, பின்வாசல் வழியாகப் போய்த் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, எதிரில் வருவதுபோல வந்தேன். "ஏ, நீ எங்க இங்க?" என்றாள். "டியூஷன்" என்றேன். அவர்கள் ஆட்டோவிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். சேமியா பாயசம் சாப்பிட்டேன். டிவி பார்த்தேன். நடுவில் ஒரு தடவை வெயிலைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் பாயசம் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று அம்மா கேட்டாள்: "உடம்புக்கு என்னட்டி? ஏதாவது சொல்லணும்னா சொல்லு." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு வழி கிடைத்திருக்கிறது.

வெளியூர்க் கடைசல்காரர் ஒருவருக்குத் தோளில் அறுவை சிகிச்சையாம். வரவில்லை என்று போன் வந்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "நடு வரிசை லேத்து அவருக்கு. சும்மா நின்னா பல்லு போன மாதிரில்லா இருக்கும்." ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ விட்டதுபோல இருந்தது. இருபத்துமூன்று பேர். இருபத்துநான்கு கட்டை. ஒன்று மிஞ்சும்.

சீட்டு எடுப்பது போட்டியில் இல்லாத ஒரு பிள்ளையின் கையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். செயலாளர் போட்டியில் இல்லை, அதனால் அவர் மகளே எடுக்கலாம் என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். சீட்டு எழுதிச் சுருட்டுவதும் நான்தான். பதினேழு என்று எழுதிய சீட்டை மட்டும் சுருட்டாமல் நாலாக மடித்தேன். விரலுக்குத் தெரியும். அதை எடுக்காமலே விட்டுவிட்டால் மிச்சக் கட்டை யாருக்கும் போகாது. யாருக்கும் அடிபடாது. அம்மாவுக்குத் தெரியாது. கண்காட்சி முடிந்ததும் மெதுவாக எரித்துவிடலாம்.

இன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கால் வலிக்கிறது. மதியம் இரண்டு மணிக்குத் தரவேண்டிய சாவியை நாலரைக்குத் தந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குப் பாயசம் குறைந்துவிட்டது என்று சண்டையாம். தரையெல்லாம் பூ, வெற்றிலை, சோறு. பெருக்கினோம். ஒவ்வொரு லேத்துக்கும் ஆறு பேர் தூக்க வேண்டியிருந்தது. மேடையில் தெர்மாகோலில் வெட்டிய பெண் மாப்பிள்ளை பெயர் அப்படியே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. "கெடக்கட்டும், அவங்களும் நல்லா இருக்கட்டும்" என்றாள் அம்மா.

எட்டு மணிக்கு கரண்ட் கொடுத்தார்கள். எல்லா லேத்தும் ஒரே நேரத்தில் பின்பக்கமாகச் சுற்றின. ஒருவர் வைத்திருந்த கட்டை மரை கழன்று உருண்டு ஓடியது.

"ஏல, நிறுத்து! நிறுத்து! எல்லாம் பின்னால ஓடுது!"

மந்திரம் மாமா மேடையில் இருந்த பெயரைக் காட்டி, "மாப்பிள்ளை பொண்ணைப் பாத்துட்டுத் திரும்பி ஓடுத மாதிரில்லா இருக்கு" என்றார். எலக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மேடை விளிம்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கட்டை உருண்ட சத்தம் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுத்து சரியாக வரவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் திறப்பு விழா. பதினொரு மணிக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நான் விழா வேலைக்கென்று லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். மேடைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா லேத்தில் நின்று, பிள்ளைகளுக்குப் பம்பரம் கடைந்து காட்டினாள். கண்ணாடி போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உளியை வைத்ததும் சீவல் நாடா நாடாவாகப் பறந்து முன்வரிசைப் பிள்ளைகள் மேல் விழுந்தது. அவர்கள் கத்தினார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரு பம்பரம். அரக்குக் குச்சியை வைத்ததும் சிவப்பு. மறுபடியும் கத்தினார்கள்.

"தாமிரா! எங்க போன? இங்க வா, பிள்ளையளுக்கு எடுத்துக் குடு" என்று மைக்கிலேயே கூப்பிட்டாள்.

நான் வந்தேன். கொடுத்துக்கொண்டே போனேன். ரிஃபானா கை நீட்டவில்லை.

"இவங்க யாரு?" என்றாள்.

"எங்க அம்மா."

"அப்ப பாங்க்குல?"

நான் பம்பரத்தை நீட்டினேன்.

"அன்னைக்குத் தையக் கடைக்குப் பக்கத்துல மரம் அறுக்குத வாடை வந்துச்சே. அதா உங்க வீடு?" கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். "எங்க உம்மா கல்லாவுல உக்காந்தா கால் மரத்துப்போகுதுன்னு அழும். அதைக்கூட உங்கிட்ட சொல்லிருக்கேன். நீ என்னைய என்னன்னு நெனச்ச?"

அவள் கேலி செய்து சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பம்பரத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குலுக்கல். போட்டி நாளைக் காலை. கூட்டம் நிறைய. நான் பானைக்குள் கைவிட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்தேன். மடித்த சீட்டு விரலில் படும்போதெல்லாம் தள்ளிவிட்டேன். கடைசி ஆளும் கட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பானைக்குள் ஒன்றுதான் இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது வெளியூரிலிருந்து வந்த மூத்த கடைசல்காரர் ஒருவர், வெள்ளை மீசை, நாற்காலியிலிருந்து சத்தமாகக் கேட்டார்: "செயலாளரம்மா, அந்த நடு லேத்து என்ன, கொலுவுக்கா வச்சிருக்கு?"

சிரிப்பு.

"ஆள் வரல ஐயா."

"ஆளு வரலன்னா நீங்க நில்லுங்க. மைக்கு மட்டும்தான் பிடிப்பீங்களா, உளி பிடிக்க மாட்டீங்களா?"

சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திய அந்த இரண்டு பேரும் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள்தான் அதிகமாகக் கை தட்டினார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பிடிக்கேன். பரிசு எனக்கு வேண்டாம், கணக்குல சேக்காதீங்க. லேத்து சும்மா நிக்கக் கூடாது, அவ்வளவுதான். தாமிரா, கடைசிச் சீட்டை எடு."

நான் எடுக்கவில்லை.

"எடுட்டி, எல்லாரும் பாக்காங்க."

எடுத்தேன். அம்மாவே பிரித்து மைக்கில் படித்தாள். பதினேழு. நாலாக மடிந்திருந்த அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே கிடந்த மற்றச் சீட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் சுருட்டியவை. தாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். மந்திரம் மாமா கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை இடது கையில் வைத்து, விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்தாள்.

நான் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கூட்டம் வேறு. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் அப்போதே தூக்கிப் போட்டிருப்பாள்.

மற்றவர்கள் எல்லாரும் கட்டையை அவரவர் லேத்துப் பக்கத்திலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அம்மா மட்டும் அதைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஏன் என்று தெரியவில்லை. சாப்பிடும்போது இரண்டு தட்டுக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆரம்பம். நீயும் முன்னால வந்து நிப்பியா?" என்றாள்.

"ம்."

"நடு லேத்துக்கு நேர் எதிர்த்தாப்புல இடம் போட்டுருக்கேன். உங்க டீச்சர்மாரும் வாராவ. மந்திரமும் அங்கனதான் நிப்பான், எனக்கு உளி எடுத்துக் குடுக்க." எனக்கு மோர் ஊற்றிவிட்டு, "கட்டை நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

இதே கேள்வியை அன்றைக்கும் கேட்டாள். இதே மாதிரி. நான் அன்றைக்குச் சொன்ன அதே எழுத்து இன்றும் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஆனால் வேறு எதுவும் சொல்லவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவும் சத்தம்கூட இன்னும் கேட்கவில்லை.

நாளை அம்மா அந்தக் கட்டையை லேத்தில் மாட்டுவாள். எதிரில் நான், பக்கத்தில் மாமா. மாமாவுக்கு இருப்பது ஒரு கண்தான்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கட்டை அப்படி என்றால் மற்றக் கட்டைகளையும் யாரும் தொடமாட்டார்கள். பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்று பேசுவார்கள். செயலாளர் மகளே அடைத்து வைத்தாள், செயலாளர் மகளே சீட்டையும் மடித்தாள். அம்மா ஒரு மாதம் ஓடியதெல்லாம் போய்விடும். மாமா என்னைப் பார்ப்பார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. அவர் திட்டமாட்டார். "நல்லாத்தான் அடைச்சிருக்கே பிள்ளே" என்பார்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன்.

அதனால் சொல்லத்தான் வேண்டும். இப்போதே கீழே போக வேண்டும். காலையில் என்று நினைத்தால் காலையில் ஆள் வந்துவிடுவார்கள், நான் மறுபடியும் "ம்" என்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எப்படி ஆரம்பிப்பது? "அம்மா, ஒரு கட்டையில சின்ன வெடிப்பு" என்று ஆரம்பித்தால் சின்ன என்பது பொய். "மறந்துட்டேன்" என்றால் அதுவும் பொய். "ரிஃபானா வந்ததுனால" என்றால் பழியை அவள்மேல் போடுவதுபோல இருக்கும். அவள் சும்மா சிரித்துக்கொண்டு தெருவில் போனாள், அவ்வளவுதான். உன்னால்தான் ஓடினேன் அம்மா, உன் மேலிருக்கும் தூளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஓடினேன், அதைச் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வருமா தெரியவில்லை. முதல் வரியை மட்டும் இங்கே எழுதி, பார்த்துப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன்.

அம்மா, அன்னைக்கு நான் தூங்கல.

கதவில் தட்டும் சத்தம். விரல் மொட்டியால், ஒரே ஒரு தட்டு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கூப்பிடவும் இல்லை, திறக்கவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு அம்மா நிற்பாள். திறக்கப் போகிறேன்.